மகளுக்கு ஏற்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியை எப்படித் தேடுவது? அனுபவம் உள்ள பெற்றோர் சொல்லுங்கள்

ஈசூன்_அம்மா
ஞாயிறு, இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 17 வயது, ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதலாண்டு. உயிரியல், வேதியியல், கணக்கு, ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஆறு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். அமெரிக்காவில் ஏதாவது ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்குப் போக வேண்டும் என்கிறாள். அவள் அப்பா என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) தவிர வேறு பேச்சே எடுப்பதில்லை. நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன்.

பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கும் புரியும். போன ஆண்டு பள்ளிச் செயல்திட்டத்துக்காக சுங்கை பூலோ சதுப்புநிலக் காட்டுக்குப் போக ஆரம்பித்தாள். செயல்திட்டம் முடிந்தது, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமையானால் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கிராஞ்சிப் பக்கம் கிளம்பிவிடுகிறாள். போன வாரம் மேசை துடைக்கும்போது அவள் நோட்டு திறந்து கிடந்தது. நேரம், நீர்மட்டம், எந்த மரத்தில் எத்தனை நத்தை என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். ஓரத்தில் பென்சிலால், ‘தண்ணீர் ஏறுவதற்கு முன்பே இவை மரம் ஏறத் தொடங்கிவிடுகின்றன. இவற்றுக்கு யார் சொன்னது?’ என்று ஒரு வரி. அடுத்த பக்கத்தில் அதே நத்தையைப் பற்றி நான்கு வரிக் கவிதை.

இருநூறு பேர் உட்காரும் விரிவுரையில் வாய் திறக்கவே மாட்டாள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரைத் தேடிப்போய்க் கேட்பாள். பெற்றோர் சந்திப்பில் அவள் ஆசிரியர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

தரவரிசையில் முதல் பத்துக் கல்லூரிகளை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு எது பொருந்தும் என்று எதை வைத்துப் பார்ப்பது? நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம், நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, இளையவன் உயர்நிலை இரண்டு.

பொங்கோல்_அப்பா
ஞாயிறு, இரவு 11.35

சகோதரி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பணப் பேச்சைப் பேசி முடித்துவிடுங்கள். பேர்பெற்ற கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது. நான்கு ஆண்டுக்கு நம் பணத்தில் நான்கு லட்சம் வெள்ளிக்கு மேல். இங்கே குடிமக்களுக்குக் கல்விக் கட்டண மானியம் உண்டு, மசெநி (மத்திய சேம நிதி) பணத்தையும் கட்டணத்துக்கு எடுக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு மசெநியைத் தொட முடியாது.

நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். மூத்தவன் விண்ணப்பிக்கும்போது ‘முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்றேன். அவன் மனம் வாடக் கூடாது என்றுதான் சொன்னேன். இடமும் கிடைத்தது, உதவித்தொகை இல்லாமல். கடிதத்தைக் கொண்டுவந்து காட்டிய அன்றைக்குத்தான் முடியாது என்று சொன்னேன். அந்த ஒரு மாதம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் யாரும் பேசவில்லை. ‘பணம் இல்லைங்கிறது பரவாயில்லப்பா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல’ என்று பின்னால் ஒருநாள் சொன்னான். இப்போது இங்கேயே நன்றாகப் படிக்கிறான். ஆனாலும் அந்த வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்களால் ஆண்டுக்கு எவ்வளவு முடியும் என்று கணவரோடு உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதை அப்படியே மகளிடம் சொல்லுங்கள். 17 வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

பிடோக்வாசி
திங்கள், காலை 7.15

பொங்கோல் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த 80,000 என்பது விலைப்பட்டியலில் உள்ள விலை. எல்லாரும் அதைக் கட்டுவதில்லை. என் மகள் மினசோட்டாவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், நாங்கள் கட்டுவது அதில் பாதிக்கும் குறைவு.

விஷயம் இதுதான். சில கல்லூரிகள் குடும்ப வருமானத்தைப் பார்த்து, நம்மால் கட்ட முடியாத மிச்சம் முழுவதையும் தாங்களே கொடுக்கும். ஆனால் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால், சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போதே அதையும் கணக்கில் எடுக்கும் இடங்கள்தான் அதிகம். அதாவது, உதவி கேட்டால் வாய்ப்புக் குறையும். உதவி கேட்டதைப் பார்க்காமலே தேர்ந்தெடுக்கும் இடங்கள் மிகச் சில. சின்னக் கல்லூரிகளில் ஆம்ஹர்ஸ்ட் ஒன்று, 2022இல் இருந்து போடன் ஒன்று. இரண்டிலும் போட்டி கடுமை.

எங்களுக்கு வழிகாட்டியது ஒரு கோப்பு. ‘காமன் டேட்டா செட்’ என்று கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும். அதில் எச்6 என்ற பகுதியில், வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று இருக்கும். ஒரு கல்லூரி பத்துப் பேருக்குத்தான் கொடுத்திருக்கிறது, இன்னொன்று இருநூறு பேருக்குக் கொடுத்திருக்கிறது என்றால் எதில் நேரத்தைப் போடுவது என்று அங்கேயே தெரிந்துவிடும். நானும் மகளும் ஒரு தீபாவளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து இதைத்தான் பார்த்தோம்.

பொருத்தம் பற்றிக் கேட்டீர்கள். அவள் படிக்கும் கார்ல்டன் கல்லூரியில் ஆண்டுக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் பத்து வாரம், ஒரு பருவத்துக்கு மூன்றே பாடம். முதல் வாரம் முடிவதற்குள் கட்டுரை கேட்டுவிடுவார்கள். என் மகளுக்கு அந்த வேகம் பிடிக்கும். கூடச் சேர்ந்த ஒரு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, மூச்சு விட நேரமில்லை என்று அழுதாள். நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி தொடக்கம் வரை விடுமுறை என்பதால் இவள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கல்லூரிகளின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

குளிரையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு பொங்கலன்று அவள் விடுதிச் சமையலறையில் பால் பொங்கவிட்டதைக் காணொளியில் பார்த்தோம். வெளியே சன்னல் உயரத்துக்குப் பனி. அவளும் ஒரு நேப்பாளப் பெண்ணும் இரண்டு அமெரிக்கப் பிள்ளைகளும் சுற்றி நின்று பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கி மின்னடுப்பில் வழிந்ததும் நால்வரும் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தினார்கள். நான் இங்கே அழுதுவிட்டேன்.

சிராங்கூன்_சித்தி
திங்கள், காலை 9.05

உயிரியல் பிடிக்கும் பிள்ளை ஏன் ஆர்ட்ஸ் காலேஜுக்குப் போக வேண்டும்? படித்து வந்து வேலைக்கு என்ன செய்வது? கோபப்படாமல் யாராவது விளக்குங்கள், எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஒஹையோ_பட்டதாரி
திங்கள், மதியம் 1.20

சித்தி, நியாயமான கேள்வி. என் பாட்டி தஞ்சாவூரில் கடைசிவரை நான் ஓவியம் படித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நான் படித்தது வேதியியல்.

நம் ஊரில் ‘ஆர்ட்ஸ் காலேஜ்’ என்றால் பிஏ, பிகாம். அங்கே லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கலையும் அறிவியலும் சேர்ந்தது. இயற்பியல், கணிதம், உயிரியல், கணினி எல்லாம் உண்டு. சுவார்த்மோரில் பொறியியல் பட்டமே கொடுக்கிறார்கள். சேரும்போதே எதைப் படிக்கப் போகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டாம். பொதுவாக இரண்டாம் ஆண்டு முடிவில் முதன்மைப் பாடத்தை அறிவித்தால் போதும்.

இந்தக் கல்லூரிகளில் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அதனால் பேராசிரியருக்கு ஆய்வுக்கூடத்தில் ஆள் வேண்டுமென்றால் இளங்கலைப் பிள்ளைகளைத்தான் கூப்பிட வேண்டும். நான் இரண்டாம் ஆண்டிலேயே ஒரு கருவியைத் தனியாக இயக்கினேன். அது ஒருநாள் கெட்டுப்போனபோது பேராசிரியரும் நானும் தரையில் உட்கார்ந்து மதியம் முழுக்கக் குழாயைக் கழற்றி மாட்டினோம். பெரிய பல்கலைக்கழகத்தில் அந்த இடத்தில் முனைவர் பட்ட மாணவர் உட்கார்ந்திருப்பார்.

வேலை பற்றி உள்ளதைச் சொல்கிறேன். படித்து முடித்த பிறகு அங்கே ஓராண்டு வேலை அனுபவம் பெற அனுமதி உண்டு, அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் என்றால் கூடுதலாக 24 மாதம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எச்-1பி1 என்று தனி வேலை விசா இருக்கிறது, ஆண்டுக்கு 5,400 இடம். மற்ற நாட்டுப் பிள்ளைகள் குலுக்கலில் காத்திருக்கும்போது நமக்கு இது பெரிய வசதி. ஆனால் திரும்பி வந்து இங்கே வேலை தேடியபோது மூன்று நேர்காணலில் ‘இந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது’ என்று கேட்டார்கள். முதல் வேலை கிடைக்க ஐந்து மாதமானது. இரண்டாவது வேலைக்குப் போனபோது யாரும் கல்லூரியைக் கேட்கவில்லை.

மருத்துவம் மனத்தில் இருந்தால் இப்போதே கணக்குப் போட வேண்டும். அங்கே இளங்கலையில் மருத்துவம் கிடையாது. பட்டம் முடித்து வந்து டியூக்-என்யூஎஸ் போன்ற இடத்தில் மீண்டும் நான்கு ஆண்டு.

முன்னாள்_ஜேசி_ஆசிரியர்
திங்கள், இரவு 9.40

அம்மா, உங்கள் மகளின் நோட்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இரண்டு பக்கத்தில் பாதி விடை இருக்கிறது. மதிப்பெண் முடிந்த பிறகும் பிள்ளை எதைத் தொடர்ந்து செய்கிறது என்று பார்த்தால் போதும், அது எப்படிக் கற்கும் பிள்ளை என்று தெரிந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேல் பரிந்துரைக் கடிதம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். தானே கேள்வி கேட்டு, தானே போய்ப் பார்த்து, பிறகு ஒருவரிடம் தனியாகப் பேச விரும்பும் பிள்ளை இவள். சின்ன வகுப்பு இவளுக்கு ஏற்றதுதான். ஆனால் எந்தச் சின்ன வகுப்பு என்பதில்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

ஏனென்றால் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஆம்ஹர்ஸ்டில் முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்றைத் தவிரப் பொதுக் கட்டாயப் பாடமே இல்லை. கிரின்னலிலும் அப்படித்தான். செயின்ட் ஜான்ஸில் நேர்மாறு: எல்லாரும் ஒரே நூல்வரிசையைப் படிக்க வேண்டும், முதன்மைப் பாடம் என்ற பேச்சே கிடையாது. கொலராடோ கல்லூரியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாடம், மூன்றரை வாரம் காலை முதல் அதுவே, முடிந்ததும் அடுத்தது. களப்பணிக்கு மலைக்குப் போய் ஒரு வாரம் தங்கலாம், வேறு வகுப்பு தவறிப்போகாது. அதே பிள்ளைக்கு ஒரு கணக்குப் பாடம் மூன்று மாதம் ஊற வேண்டும் என்றால் அங்கே திணறும். வில்லியம்ஸில் இரண்டு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்ற வகுப்பு உண்டு. வாரம் மாற்றி வாரம் ஒருவர் கட்டுரை வாசிக்க, மற்றவர் அதை அலச வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது பயமாகத் தெரியும், ஆனால் இருவர்தானே என்று அங்கேதான் வாய் திறந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ரீடில் மதிப்பெண்ணைப் பிள்ளைக்கு வழக்கமாகச் சொல்வதே இல்லை, கேட்டால்தான் சொல்வார்கள். நான்காம் ஆண்டில் எல்லாரும் ஆய்வேடு எழுத வேண்டும். அந்தக் கல்லூரி 1995இல் இருந்து அமெரிக்காவின் பிரபலமான தரவரிசைக்குத் தகவல் அனுப்ப மறுத்துவருகிறது. அலமாரியில் ஒட்டிய பட்டியலைப் பற்றி நான் வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பட்டியலை எடுத்துவிடச் சொல்லாதீர்கள், பிள்ளைக்குக் கோபம் வரும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் அவளையே எழுதச் சொல்லுங்கள்: ஒரு சாதாரண புதன்கிழமை எனக்கு எப்படி இருக்க வேண்டும்? காலையில் எங்கே, எத்தனை பேரோடு, மாலையில் யாரோடு, சேறும் கடலும் எவ்வளவு தூரத்தில், வாரக் கடைசியில் ஊருக்குள் போக முடியுமா? பிறகு அந்தப் புதன்கிழமை எந்தக் கல்லூரியில் கிடைக்கும் என்று தேடட்டும். இப்படிச் செய்த பிள்ளைகள் பட்டியலில் பாதியைத் தாங்களே அடித்துவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நத்தை என்றதும் எனக்கு இரண்டு இடம் தோன்றியது. மேயின் மாநிலத்தில் போடனுக்குக் கடலோர ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை, அதை நம்பி மனக்கோட்டை கட்ட வேண்டாம். இன்னொன்று ஃபுளோரிடாவில் எக்கர்ட். முதல் பத்தில் அது இருக்காது, உங்கள் மகள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் வளாகமே கடலோரத்தில், கடல் அறிவியல்தான் அவர்கள் பலம், அந்தக் கரையில் அலையாத்தி மரங்களும் உண்டு. இடம் கிடைப்பதும் அவ்வளவு கடினமில்லை.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1, அதாவது ஏ நிலைத் தேர்வு நடுவில். வழக்கமானது ஜனவரித் தொடக்கம். அடுத்த ஆண்டு ஜூலைக்குள் ஆசிரியர்களிடம் கடிதம் கேட்டுவிடச் சொல்லுங்கள். செப்டம்பரில் கேட்டால் ஆசிரியர் கையில் முன்னோட்டத் தேர்வுத் தாள் மலைபோல் கிடக்கும், கடிதம் நன்றாக வராது. முன்கூட்டிய முடிவு (‘எர்லி டிசிஷன்’) என்பது, இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். உதவித்தொகை போதவில்லை என்றால் மட்டுமே விலகலாம்.

ஈசூன்_அம்மா
செவ்வாய், இரவு 11.10

நேற்று இரவு நாங்கள் இருவரும் கணக்குப் போட்டு மகளிடம் தொகையைச் சொல்லிவிட்டோம். ஆண்டுக்கு 30,000 வெள்ளி, கடன் வாங்காமல். தம்பிக்கும் ஒதுக்க வேண்டும் என்றோம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ‘இதை ஏன் போன வருஷமே சொல்லல?’ என்றாள். பொங்கோல் அண்ணன், உங்கள் மகன் கேட்டதையே கேட்டுவிட்டாள். அப்புறம் கணினியைத் திறந்து அந்த எச்6ஐத் தேட ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்பா அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் இருவரும் ஒரே திரையைப் பார்த்தது நேற்றுத்தான்.

பாஞ்சாங்_அம்மா
புதன், காலை 8.00

விண்ணப்பத்துக்கு உதவ முகவர் யாரையாவது பிடிக்க நினைத்தால் கவனம். பெயர் வேண்டாம். ஐந்திலக்கத் தொகை கொடுத்தோம். விண்ணப்பத்தோடு 650 சொல்லுக்குள் எழுத வேண்டிய அந்தத் தன்கட்டுரையை அவர்கள் திருத்தித் திருத்திக் கடைசியில் என் பெண்ணே அதைப் படித்துவிட்டு ‘இது யாரும்மா?’ என்றாள். முதல் வரைவில் அவள் தாத்தாவின் சைக்கிள் கடையைப் பற்றி எழுதியிருந்தாள், அது மொத்தமும் போய்விட்டது. அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பழைய வரைவையே எடுத்து அவளே சரிசெய்து அனுப்பினாள். உங்கள் மகள் அந்த நத்தை நோட்டைத் தொலைக்காமல் வைத்திருக்கட்டும்.

தேசிய_சேவையில்_தம்பி
புதன், இரவு 10.25

அக்கா, இளையவர் உயர்நிலை இரண்டு என்றீர்கள். பின்னால் உதவும் என்று எழுதுகிறேன். நான் ஜேசியில் இருக்கும்போதே விண்ணப்பித்து இடம் வாங்கினேன், தேசிய சேவைக்காக இரண்டு ஆண்டு தள்ளிவைக்கக் கல்லூரி ஒப்புக்கொண்டது. பல கல்லூரிகளுக்கு இது பழகிப்போனதுதான். ஆனால் இடத்தைத் தள்ளிவைத்தால் உதவித்தொகையும் கூடவே தள்ளிவருமா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். என் நண்பன் வாய்ப்பேச்சை நம்பிவிட்டு இப்போது முகாமில் இருந்துகொண்டே மறுபடியும் எல்லாப் படிவத்தையும் நிரப்புகிறான்.

கெந்த்ரிஜ்_மாணவி
வியாழன், மதியம் 12.45

இழை முழுவதும் படித்தேன். உள்ளூரைப் பற்றி ஒருவரும் சரியாகப் பேசவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. பணம் போதாதவர்கள் வேறு வழியில்லாமல் சேரும் இடமாக என்யூஎஸ்ஸை நினைக்காதீர்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் என்யூஎஸ்ஸும் சேர்ந்து தொடங்கிய யேல்-என்யூஎஸ் கல்லூரி இருந்தவரை இங்கே லிபரல் ஆர்ட்ஸ் என்றால் அதுதான். 2013இல் முதல் மாணவர்கள், 2021 ஆகஸ்டில் மூடும் அறிவிப்பு, 2025இல் கடைசி வகுப்புப் பட்டம் பெற்றது. அக்கா ஒருவர் அங்கே படித்தார். இருபதுக்கும் குறைவானவர்கள் வட்டமாக உட்கார்ந்த வகுப்பைப் பற்றி இன்றும் பேசுவார், அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. அதன் இடத்தில் 2022இல் என்யூஎஸ் கல்லூரி வந்தது. முழுத் தனிக் கல்லூரி அல்ல, ஒரு துறையில் சேர்ந்துகொண்டே இதிலும் இருக்க வேண்டும். சின்ன வகுப்புகளும் விடுதி வாழ்க்கையும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய, என்யூஎஸ்ஸின் கலை, அறிவியல் துறைகளைச் சேர்த்த கல்லூரியில் (காலேஜ் ஆஃப் ஹியுமானிட்டீஸ் அண்ட் சயின்சஸ்) உயிரியலையும் ஆங்கில இலக்கியத்தையும் இரண்டு முதன்மைப் பாடமாகச் சேர்த்துப் படிக்கலாம்.

இன்னொன்று. அலையாத்தி நத்தைதான் அவள் விருப்பம் என்றால், மினசோட்டாவில் அது ஏது? இங்கே சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவில் தேசியக் கடல் ஆய்வுக்கூடம் இருக்கிறது, அதை நடத்துவது என்யூஎஸ்தான். வளாகத்திலேயே லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். அவள் கேள்வி பிறந்த மரம் இந்த ஊரில் இருக்கிறது. முதலாண்டு விரிவுரை பெரிது என்பதை மறைக்கவில்லை. வகுப்பு முடிந்து தேடிப்போய்க் கேட்கும் பழக்கம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறதே.

ஒஹையோ_பட்டதாரி
வியாழன், மாலை 6.30

தங்கை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். 17 வயதில் நத்தை பிடித்த பிள்ளைக்கு 20 வயதில் என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் போனபோது வரலாறுதான் என்று போனேன். பாடத்தைப் பார்த்து இடம் தேடினால், பாடம் மாறும்போது இடம் பொருந்தாது. கற்கும் முறையைப் பார்த்துத் தேடுங்கள், அது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கெந்த்ரிஜ்_மாணவி
வியாழன், இரவு 7.10

அதுவும் சரிதான் அண்ணா. ஆனால் களம் பக்கத்தில் இருப்பதும் கற்கும் முறையில் ஒரு பகுதிதான். சனிக்கிழமை தானாகக் கிளம்பிப் போகிறாளே, அதைத்தான் சொல்கிறேன்.

சிராங்கூன்_சித்தி
வியாழன், இரவு 9.55

இத்தனை பேர் பொறுமையாக விளக்கினீர்கள், நன்றி. எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. என் அண்ணன் பேரன் சென்னையில் இருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்ரீசிட்டி என்ற இடத்தில் கிரியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அதுவும் இந்த மாதிரிதானாம், இன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தில்லிப் பக்கம் சோனிபட்டில் அசோகா என்று ஒன்று 2014இல் இருந்து நடக்கிறதாம். செலவு அமெரிக்காவைவிடப் பல மடங்கு குறைவு. பாட்டி வீடு பக்கத்தில் இருந்தால் சோற்றுக்குக் கவலையில்லை.

ஈசூன்_அம்மா
ஞாயிறு, இரவு 9.20

ஒரு வாரத்தில் இவ்வளவு நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆசிரியர் ஐயா சொன்னபடி வெள்ளைத் தாள் ஒட்டினோம். ‘புதன்கிழமை’ என்று தலைப்புப் போட்டு அவள் எழுதியது: காலையில் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லாத வகுப்பு. மதியம் காலில் சேறு. மாலையில் கவிதை பேச இரண்டு பேர். இரவில் அம்மாவுக்குப் பத்து நிமிடத் தொலைபேசி. கடைசி வரியைப் படித்ததும் நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

முதல் பத்தில் ஆறை அவளே அடித்துவிட்டாள். இரண்டு இடத்தில் வெளிநாட்டு மாணவருக்குக் கொடுக்கும் உதவி எங்கள் தொகைக்கு எட்டாது. மற்ற நான்கில் அந்தப் புதன்கிழமை இல்லை என்றாள். எக்கர்ட்டைச் சேர்த்திருக்கிறாள். அங்கே உள்ள கடலுயிரியல் பேராசிரியர் ஒருவருக்கு நத்தைக் கேள்வியைக் கேட்டு மின்னஞ்சல் எழுதி மூன்று நாளாக அனுப்பாமல் வைத்திருந்தாள், நேற்று அனுப்பிவிட்டாள். போடனும் பட்டியலில் இருக்கிறது, கிடைக்காது என்று தெரிந்தே. கார்ல்டனைப் பற்றி இன்னும் யோசிக்கிறாள். பத்து வாரம் நத்தைக்குப் போதாது என்கிறாள். என்யூஎஸ்ஸின் இரண்டு வழிகளும் இப்போது அவள் கையாலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கெந்த்ரிஜ் தங்கைக்கு நன்றி. அவள் அப்பா சொல்லி அதை எழுதியிருக்க மாட்டாள்.

நேற்றுக் காலை அப்பாவும் அவளோடு சுங்கை பூலோவுக்குப் போனார், இதுவே முதல் தடவை. பதினொரு மணிக்கு வருகிறோம் என்று போனவர்கள் இரண்டரைக்குத்தான் வந்தார்கள். சாப்பிடும்போது, ‘நானும் எண்ணிப் பார்த்தேன், ஒரு மரத்துல முப்பத்தேழு’ என்றார். ‘முப்பத்தொம்பது, நீங்க பின்பக்கம் பாக்கல’ என்றாள் மகள்.

பிடோக் அக்கா, ஒரு சந்தேகம். எச்6இல் வெளிநாட்டு மாணவருக்குச் சராசரி உதவி என்று போட்டிருக்கும் தொகை ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுக்கும் சேர்த்தா? அவள் அப்பா கேட்கச் சொன்னார்.

பிடோக்வாசி
ஞாயிறு, இரவு 9.48

ஓராண்டுக்கு. நாளை மாலை நான் ஈசூன் பக்கம் வருகிறேன், உதவித்தொகை கேட்டு நாங்கள் நிரப்பிய சிஎஸ்எஸ் படிவத்தின் நகலைக் கொண்டுவரவா?

ஈசூன்_அம்மா
ஞாயிறு, இரவு 9.51

கட்டாயம் வாங்க அக்கா. சாப்பாடு இங்கேதான்.